பஸ்கா அறை

ஜனவரி 6

சபையில் கொடுத்த டைரி இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து வந்த ஒருத்தி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். எழுத எனக்கென்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எதை எழுதினாலும் கேள்வி கேட்க ஆளில்லை.

பேர் விஜிலா. ஊர் மார்த்தாண்டம் பக்கம். ஆறு வருஷமாக இந்தப் பெயெர்செபாவில் மெனாஹெம் என்ற முதியவரைப் பார்த்துக்கொள்கிறேன். வேதத்தில் ஆபிரகாம் கிணறு தோண்டிய அதே பெயெர்செபாதான், இப்போது மாடி வீடுகளும் சூப்பர்மார்க்கெட்டுமாக இருக்கிறது. மெனாஹெம் கொச்சி யூதர். பறவூரில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். பக்கவாதம் வந்து இரண்டு காலும் விழுந்து, இடது கையும் தளர்ந்துவிட்டதால் சக்கர நாற்காலிதான். அவர் மலையாளம் பேசுவார், நான் எங்கள் ஊர்ப் பேச்சில் பதில் சொல்வேன். தகப்பனைப் போல நான் அப்பச்சா என்பேன், மகளைப் போல அவர் மோளே என்பார்.

அவர் மகள் யாஃபா வடக்கே ஹைஃபாவில் இருக்கிறாள். இந்த நாட்டில் முதலாளியையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அது எனக்கு இன்னும் கூசும். போன வாரம் வந்து ரசீதுகளைப் புரட்டிவிட்டு ஹீப்ரூவில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள்: "பஸ்கா வாரம் மட்டும் ஒரு மாசச் செலவை முழுங்குது. இந்த வருஷமும் இப்படித்தான்னா பண்டிகை முடிஞ்சதும் அப்பாவை முதியோர் ஹோம்ல சேர்த்துடுவேன்."

அப்பச்சன் ஹோமுக்குப் போனால் நான் ஊருக்குப் போக வேண்டியதுதான். இத்தனை வருஷம் ஆனவளுக்கு விசா சட்டப்படி வேறு வீட்டுக்கு வேலை மாற்றித் தரமாட்டார்கள். ஊரில் என் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எனவே நான் யாஃபாவிடம் மிகவும் தைரியமாக, "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

என் யோசனை லேசானது. ஒரு பண்டிகை முடிந்த மறுநாள் அதன் சாமான் எல்லாம் ஆஃபரில் வரும். கலியாணம் முடிந்த வீட்டு வாழைமரத்தை யார் சீந்துவார்கள்? விளக்குப் பண்டிகை ஹனுக்கா முடிந்ததும் எண்ணெய் பாதி விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். பஸ்காவுக்கு ஆகும் என்று யூத குரு ரப்பி வைக்கும் முத்திரை ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

ஜனவரி 8

சாமானை வைக்கும் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே வீட்டுக்கு வீடு மமாத் என்று ஓர் அறை உண்டு. ராக்கெட் வந்தால் ஒளிவதற்காக கான்கிரீட்டில் கட்டியது. இரும்புக் கதவு, இரும்பு ஜன்னல். எறும்பு நுழையாது, தூசி நுழையாது. எனவே அப்பச்சன் வீட்டில் பல வருஷமாக அதுதான் பஸ்கா அறை.

எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பஸ்காவில் புளித்த மா வீட்டில் காணப்படக் கூடாது என்று யாத்திராகமத்தில் நாமும் படித்திருக்கிறோம். மற்ற யூதர்கள் பண்டிகைக்கு முந்தின வாரம் வீட்டைத் துடைப்பார்கள். கொச்சிக்காரர்களுக்கு அது போதாது. ஹனுக்கா முடிந்ததுமே ஓர் அறையைக் கழுவி, வெள்ளையடித்து, பஸ்கா சாமானை அதில் அடைத்துப் பூட்டுவார்கள். குளித்து, தனியாக எடுத்து வைத்த உடுப்பு உடுத்தித்தான் நான் உள்ளே போகலாம். நகத்திடுக்கில் ரொட்டித் துகள் இருந்தால் அந்த வருஷத்துச் சாமான் முழுவதும் போச்சு.

இது சட்டமா என்று யாஃபாவிடம் கேட்டேன். "எந்த ரப்பியும் இவ்வளவு கேட்க மாட்டார். கடையில சீல் வெச்ச சாமான் சுத்தம்தான். இது அப்பாவோட கிறுக்கு" என்றாள்.

கிறுக்கு அப்பச்சனுடையதல்ல, அவர் மனைவி சிப்போராவுடையது. அந்த அம்மா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. "சிப்போரா இருந்த காலம்வரை நான் அந்த வாசலைத் தாண்டினதில்ல மோளே" என்று பெருமையாகச் சொல்வார். இப்போதும் வாசலுக்கு வெளியே நாற்காலியை நிறுத்திக்கொண்டு என்னை அதிகாரம் செய்வார்.

ஜனவரி 20

அரிசி பார்க்கிறேன். மணி மணியாக. கோதுமை ஒன்று கலந்திருந்தாலும் ஆகாதாம். கண் பூத்துப் போயிற்று. அப்பச்சன் எதிரில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து நான் பார்த்ததைத் திரும்பப் பார்க்கிறார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார் என்றேன். "அவள்தான் என்னை நோக்கினாள்" என்று சிரித்தார்.

பிப்ரவரி 4

மரங்களின் பண்டிகை முடிந்தது. எதிர்பார்த்தபடியே பேரீச்சை, திராட்சை வற்றல், பாதாம் எல்லாம் தள்ளுவண்டி நிறைய ஆஃபரில் கிடந்தன. ஒரு ருஷ்யக்காரியும் நானும் ஒரே பாதாம் பையைப் பிடித்து இழுத்தோம். ஜெயித்தது யார் என்று எழுதத் தேவையில்லை.

அறையில் ஒரு மடக்குக் கட்டில் இருந்தது. அதை வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் பெட்டிகளை அடுக்கினேன். கட்டிலால் யாருக்கு என்ன பயன்.

பிப்ரவரி 19

இன்று மதியம் சைரன்.

போன வருஷம் பஸ்கா முடிந்து அறை காலியான பிறகு வந்தது, அதோடு ஓய்ந்திருந்தது. மறுபடி தொடங்கிவிட்டது என்கிறார்கள். யார் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். அப்பச்சன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியைத் திருப்பி பஸ்கா அறைக் கதவுக்குத் தள்ளினேன். வாசலில் வலது கையால் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டா மோளே. இது ரொட்டி விழுந்த தரையில உருண்ட சக்கரமாக்கும்."

"அப்பச்சா, ராக்கெட்டு!"

"படிக்கட்டுக்குப் போகாம்."

வாதாட நேரமில்லை. வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில், சுவரை ஒட்டி அவரை நிறுத்தி, கீழே படியில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். மற்ற வீட்டார் அவரவர் மமாத்துக்குள். எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் வடக்கே போய்விட்டார்கள். அந்தப் படிக்கட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தூரத்தில் இரண்டு முறை கும்மென்றது. என் பற்கள் தந்தியடித்ததை அவர் கேட்டிருப்பார்.

யாஃபா உடனே போன் செய்தாள். "ரூமுக்குள்ள போனீங்களா?"

போனோம் என்றேன். இவ்வளவு சேர்த்து வைத்ததைப் பாழாக்கி, பண்டிகை வாரத்து விலையில் மறுபடி வாங்க முடியுமா? படிக்கட்டும் கான்கிரீட்தானே.

பிப்ரவரி 20

என் வீட்டுக்காரர் டென்னிஸ் ஊரிலிருந்து கூப்பிட்டார். "எட்டி, டிவியில காட்டுகான். நீ அந்த இரும்பு ரூமுக்குள்ளதானே இருக்க?"

"உள்ளதான். பயப்படாண்டாம்."

"சாப்பாடெல்லாம் உண்டா?"

"சாப்பாட்டுக்கு என்ன, மலை போல இருக்கு" என்றேன். இதுவாவது உண்மை.

மார்ச் 5

பூரிம் பண்டிகை முடிந்தது. திராட்சை ரசம் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். மூன்று நடை நடந்து கொண்டுவந்தேன். பெட்டிகள் இப்போது ஜன்னல் உயரம். நடுவில் ஓர் ஆள் நிற்கலாம், ஒல்லியான ஆளாக இருந்தால். கதவு நன்றாகவே மூடுகிறது. கடைசியில் தோளால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்பச்சன் வாசலில் இருந்து பார்த்துவிட்டு, "சிப்போரா கண்டால் உன்னைக் கெட்டிப்பிடிப்பாள்" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 12

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டு முறையும் படிக்கட்டு.

மார்ச் 13

இன்று கேட்டேவிட்டேன். அவரைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருக்கும்போது முதுகுப் பக்கம் நின்று கேட்டேன். முகத்தைப் பார்த்து எனக்குக் கேட்க வராது.

"அப்பச்சா, உயிரு போவும்னா சட்டம் பாக்காண்டாம்னு உங்க வேதமே சொல்லுதாமே. யாஃபா சொன்னா."

"சொல்லுது."

"பின்ன?"

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவளோட வீடும் சட்டியும் சாரியும் எல்லாம் போச்சு மோளே. யாஃபா ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்துட்டாள். பாக்கி இருக்கிறது அந்த அறை மாத்திரம்."

உங்கள் உயிர் மட்டுமல்ல, என் உயிரும் அந்தப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதுகுக்குப் பவுடர் போட்டுவிட்டேன்.

மார்ச் 22

கடையில் பெரிய பில் போட்டால் பஸ்கா அப்பம் இலவசம். மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட புளிப்பில்லாத அப்பம், அட்டை தின்பது போல இருக்கும். இலவசம் என்றால் அட்டையும் ருசிதான்.

எல்லா ரசீதையும் யாஃபாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். குரலில் ஆச்சரியம். "இவ்வளவுதானா? போன வருஷத்துல பாதிகூட இல்லையே, விஜிலா!" எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து, "ஆனா நேத்து அந்த ஹோம்ல இருந்து பேசினாங்க. ஒரு இடம் காலியாகுதாம். அங்க சைரன் வந்தா எல்லாரையும் ஒழுங்கா உள்ள கொண்டு போறாங்க. செலவு விஷயம் சரி, எனக்கு இப்ப பயமெல்லாம் அதுதான். நீ ஒவ்வொரு தடவையும் அவரை ரூமுக்குள்ள கொண்டு போறதால மட்டும்தான் விட்டு வெச்சிருக்கேன்" என்றாள்.

நான் "ஆமாம்" என்றேன். போனை வைத்த பிறகும் வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றேன். சிக்கனம் செய்து காப்பாற்றிய வேலையை இப்போது ஒரு பொய் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 26

தூக்கம் இல்லை. வீதியில் மோட்டார் சைக்கிள் உறுமினாலும் எழுந்துவிடுகிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் என்பதால் உபவாசம் என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் சோறு இறங்கவில்லை.

மார்ச் 30

எழுத்து இன்றைக்குக் கோணலாக இருக்கும்.

நாளை மறுநாள் சாயங்காலம் பஸ்கா. சமையலறையில் கடைசியாக மைதா கொஞ்சம் மீதியிருந்தது. தூர எறிய மனம் வராமல் பரோட்டாவுக்குப் பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு கையும் மாவு. சைரன் அடித்தது.

வழக்கம் போல அப்பச்சன் வெளிவாசல் பக்கம் கை காட்டினார். நானும் நாற்காலியை அந்தப் பக்கம்தான் திருப்பினேன். திருப்பும்போதே முதல் சத்தம் கேட்டது. இதுவரை கேட்டது எல்லாம் தூரத்து இடி என்றால் இது கூரையில் விழுந்த தேங்காய். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் கால்கள் தாமாக நின்றன.

எனக்குத் துணிச்சல் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்தது வெறும் பயம். அந்தப் படிக்கட்டில் இன்னொரு தடவை என்னால் உட்கார முடியாது, அவ்வளவுதான். நாற்காலியைச் சுழற்றி பஸ்கா அறைக்கு நேராக ஓடினேன்.

"வேண்டா! மோளே, வேண்டா! உன் கை! மாவு!"

கதவு விளிம்பைப் பிடித்தார். அவர் விரல்களை நான் பிரித்துவிட்டேன். பக்கவாதக்காரரின் விரல்களை, எத்தனையோ மாதம் எண்ணெய் தேய்த்து நானே நீட்டிவிட்ட விரல்களை, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நாற்காலி பெட்டிகளில் முட்டியது. உள்ளே போதவில்லை. பின்னால் இழுத்து மறுபடி முட்டினேன். மேல்பெட்டி சரிந்தது, பாட்டில்கள் உடைந்தன, அரிசி மூட்டை ஒன்று கிழிந்து கொட்டியது. சக்கரம் அரிசிமேல் ஏறி உள்ளே போனது. கதவை இழுத்தேன், மூடவில்லை. தோளால் தள்ளினேன், உதைத்தேன். காலடியில் கிடந்த பேரீச்சைப் பொதி ஒன்று நசுங்கிய பிறகுதான் மூடியது. கைப்பிடியைத் திருப்பினேன்.

உடனே அடுத்த சத்தம். அறை மொத்தமும் குலுங்கியது. நான் அவர் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார். "சிப்போரா, சிப்போரா" என்றார். "கர்த்தாவே, கர்த்தாவே" என்றேன். இரண்டு பேரும் உரக்கத்தான்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தோம். என்மேல் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வெளிவாசலைத் திறந்தேன். பக்கத்துத் தெருவில் விழுந்திருக்கிறது. படிக்கட்டு ஜன்னல் முழுக்கப் பெயர்ந்து நாங்கள் வழக்கமாக உட்காரும் திருப்பத்தில் கிடந்தது. கணுக்கால் உயரத்துக்குக் கண்ணாடி. அவருடைய நாற்காலியை ஒட்டி நிறுத்தும் சுவரில் ஓர் இரும்புச் சட்டம் குத்தி நின்றது.

அவரையும் தள்ளிக்கொண்டு வந்து காட்டினேன்.

மார்ச் 31

காலையில் அவர்தான் முதலில் பேசினார். "இனி சைரன் வந்தால் என்னிடம் கேக்காண்டாம். கொண்டு போ."

சரி என்றேன். பிறகு அழுகை வந்தது. பண்டிகைச் சாமான் எல்லாம் அவர் கணக்கில் தீட்டுப்பட்டுவிட்டது. புதிதாக வாங்கினால் ரசீது யாஃபா கைக்குப் போகும், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் ஒவ்வொரு சைரனுக்கும் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதும் வெளியே வரும். வந்தால் ஹோம்தான்.

யோசித்து இப்படி முடிவு செய்தோம். கிழியாத மூட்டை அரிசியைச் சமைப்பது. யாஃபா சொன்ன சட்டப்படி அது சுத்தம்தான், யாஃபாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பாவமில்லை. அப்பச்சனுக்கு மட்டும் புதுச் சட்டியில் உருளைக்கிழங்கும் முட்டையும். வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொள்வார். அறையைக் கூட்டித் துடைத்து, நாற்காலி தாராளமாக நுழையும்படி பெட்டிகளை என் அறைக்கு மாற்றினேன். முதலிலேயே செய்திருக்கலாம்தான்.

ஏப்ரல் 2

நேற்று யாஃபா மத்தியானமே புருஷன் பிள்ளைகளோடு வந்துவிட்டாள். மேலே ஏறி வரும்போதே படிக்கட்டு ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். பையை வைத்துவிட்டு நேரே பஸ்கா அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். எல்லாம் துடைத்தவள் இரும்புக் கதவின் உட்புறத்தைத் துடைக்கவில்லை. காய்ந்த மாவில் என் கை, ஐந்து விரலும் அச்சாக.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருட்டியதும் மேசையில் உட்கார்ந்தார்கள். அப்பச்சன் வெள்ளைச் சட்டை. எகிப்திலிருந்து புறப்பட்ட கதையை வாசித்தார்கள், பிள்ளைகள் பாடினார்கள். சாப்பாடு பரிமாறும் நேரம் வந்தது. எல்லார் தட்டிலும் சோறு வைத்தேன். அப்பச்சன் தட்டில் கிழங்கு வைத்தேன்.

யாஃபா என் கையைப் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பாவுக்கு ஏன் சோறு இல்லை?"

"வயிறு..." என்றேன்.

"விஜிலா, உண்மையைச் சொல்லு. மாவுக் கையோட ஒரே ஒரு தடவைதான் அந்த ரூமுக்குள்ள போயிருக்கீங்க. அதுக்கு முன்னாடி எல்லாம் வெளியே, அந்தக் கண்ணாடி விழுந்த இடத்துல. எனக்கு அப்பாவைத் தெரியும். அம்மாவோட பஸ்கா ரூமுக்குள்ள அவர் நாற்காலியை விடமாட்டார்."

பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்பச்சன் ஹீப்ரூவில் சொன்னார், நிதானமாக: "ஒவ்வொரு தடவையும் உள்ளேதான் போனோம்."

"பொய் சொல்லாதீங்க அப்பா."

"அந்தப் பழைய வழக்கத்தை எல்லாம் நான் விட்டுட்டேன். முதல் சைரன் அன்னைக்கே விட்டுட்டேன். உயிர்தான் பெரிசு."

"விட்டுட்டீங்களா?" யாஃபா தன் தட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "நாற்காலி உள்ள போன ரூம். மாவுக்கை பட்ட ரூம். அதுல இருந்த அரிசி இது. இது உங்களுக்கு ஆகுமா?"

"ஆகும்."

அவளே எழுந்து கிழங்கை எடுத்துவிட்டு, அந்தத் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்து அவர் முன்னால் தள்ளினாள். அவள் கொடுமைக்காரி அல்ல. அவளுக்கும் பயம்தான், தகப்பனை அந்தப் படிக்கட்டில் வாரிக்கொடுத்துவிடுவோமோ என்ற பயம். எனக்கு அது நேற்றுத்தான் விளங்கியது.

நான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், ஊருக்கே போய்விடலாம், இந்த மனுஷனை இதைச் சாப்பிட வைக்க வேண்டாம் என்றுதான் திறந்தேன். அப்பச்சன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பேசாதே என்று.

நன்றாக இருக்கும் வலது கையால் கரண்டியை எடுத்தார். எண்பது வருஷத்தில் ஒரு கோதுமை மணி இந்தப் பண்டிகையில் தெரியாமல்கூடப் பட்டுவிடக் கூடாது என்று இருந்தவர், சோற்றை வாயில் வைத்தார். கண்ணை மூடவில்லை. யாஃபாவைப் பார்த்துக்கொண்டே மென்றார். விழுங்க நேரம் எடுத்தது. தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

யாஃபாவின் தோள்கள் தளர்ந்தன. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். "சரி. ஹோமுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

அப்பச்சன் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்தார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, யாஃபாவுக்குத் தெரியாத எங்கள் பேச்சில் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் போடு மோளே. அவள் நோக்கிக்கொண்டிருக்கிறாள்."

போட்டேன்.